குதிகால் தாங்கி (காலணி)

குதிகால் தாங்கி என்பது மூடிய காலணிகளின் பின்பகுதியில், மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே வைத்து ஒட்டப்படும் விறைப்பான, வளைந்த துண்டு ஆகும். இது குதிகாலைப் பின்புறமும் இரு பக்கங்களிலும் அணைத்து நிற்கும் கிண்ணம் போன்ற அமைப்பை உண்டாக்குகின்றது. மேலிருந்து நோக்கினால் இதன் வடிவம் குதிரை லாடத்தை ஒத்திருக்கும். காலணியின் பின்பகுதி மடங்காமல் நிமிர்ந்து நிற்பதற்கும், நடக்கும்போது குதிகால் காலணியை விட்டு எழும்பாமல் இருப்பதற்கும், காலணி நெடுநாள் தன் வடிவம் கெடாமல் உழைப்பதற்கும் இதுவே காரணமாகும். ஆயினும் முழுவதும் மறைந்திருப்பதால், பெரும்பாலான காலணிகளில் இப்படி ஓர் உறுப்பு இருப்பதை அணிபவர் அறிவதில்லை. அது உடைந்த பின்னரே அதன் இருப்பு தெரிய வருகின்றது.

பெயர்

தமிழ்நாட்டின் காலணித் தொழிற்சாலைகளில் இவ்வுறுப்பு கவுண்டர் என்றும் ஸ்டிஃப்னர் என்றும் அழைக்கப்படுகின்றது. கடையில் பணம் செலுத்தும் கவுண்டருக்கும் இதற்கும் பொருள் தொடர்பு இல்லை. மதில் சாயாமல் இருக்கப் புறத்தே கட்டப்படும் முட்டுச்சுவரைக் குறிக்கும் கவுண்டர்ஃபோர்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இது எனக் கருதப்படுகின்றது. உறுப்பின் வேலையும் அதுவே என்பதால் பெயர் பொருத்தமானதே. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் எதுவும் வழக்கில் இல்லாமையால் இக்கட்டுரையில் குதிகால் தாங்கி என்ற சொல் பயன்படுத்தப்படுகின்றது.

தமிழில் இச்சொல் தோன்றாமைக்குக் காரணம் உண்டு. சங்க இலக்கியங்களில் தொடுதோல் எனச் சுட்டப்படும் காலணி முதல் பிற்காலச் செருப்பு, மிதியடி, பாதுகை வரை தமிழகத்தில் பரவலாக வழங்கியவை பெரும்பாலும் குதிகாலை மூடாத காலணிகளே. பின்புறமே இல்லாத காலணிக்குப் பின்புறத் தாங்கி தேவைப்படவில்லை. குதிகாலை மூடும் காலணி ஐரோப்பியர் வழியாகவே பரவியது. இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் சப்பாத்து என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. தமிழகத்தில் வழங்கும் பூட்சு, ஷூ என்பன ஆங்கிலத்திலிருந்து வந்தவை.

அமைப்பு

குதிகால் தாங்கியின் கீழ் விளிம்பு உள்நோக்கி மடிக்கப்பட்டு, உள்ளடியின் அடிப்புறத்தில் மேல்தோலுடன் சேர்த்து ஒட்டப்படுகின்றது. மேல் விளிம்பு காலணி வாயின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிடும். இது மிகவும் முக்கியமானது. தாங்கி வாய்வரை உயர்ந்திருந்தால் அதன் கடினமான விளிம்பு குதிநாணில் உராய்ந்து புண்ணாக்கும். இரு பக்கச் சிறகுகளும் பாதத்தின் நடுவளைவு தொடங்கும் இடம் வரை நீளும். சில வகைக் காலணிகளில் உட்புறச் சிறகு வெளிப்புறச் சிறகைவிட நீளமாக அமைக்கப்படுகின்றது. பாதம் உட்பக்கமாகச் சாயும் இயல்புடையோருக்கு இது ஓரளவு தாங்கலாக அமையும்.

தாங்கியின் நடுப்பகுதி தடித்தும் விளிம்புகள் மெலிந்தும் இருக்க வேண்டும். தோல் தாங்கிகளில் இதற்காக விளிம்பு கத்தியால் சாய்வாகச் சீவப்படுகின்றது. சீவல் சரியாக அமையாவிட்டால் தாங்கி முடியும் இடம் மேல்தோலின் மீது ஒரு கோடாகத் தெரியும். உள்ளேயும் அதே இடத்தில் ஒரு மேடு உண்டாகும். தேர்ந்த தொழிலாளர் காலணிக்குள் விரலை விட்டு ஓட்டிப் பார்த்தே சீவலின் தரத்தைக் கூறிவிடுவர்.

செயற்பாடு

மனிதக் குதிகாலின் அடியில் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள கொழுப்பு மெத்தை ஒன்று உள்ளது. நார்ச்சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு சிறு அறைகளில் கொழுப்பு அடைபட்டிருக்கும் அமைப்பு இது. நடக்கும்போது குதிகால் தரையைத் தொடும் கணத்தில் உடல் எடைக்குச் சற்று மிகையான விசையும், ஓடும்போது எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையும் கால்மீது செயற்படுகின்றன. அப்போது கொழுப்பு மெத்தை நசுங்கிப் பக்கவாட்டில் பரவ முயல்கின்றது. பக்கங்களில் உறுதியான சுவர் இருந்தால் அது பரவ இயலாமல் குதிகால் எலும்பின் அடியிலேயே திரண்டு நிற்கும். அதனால் அதிர்ச்சியைக் கூடுதலாக ஏற்கும். 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த ஆய்வுகள், குதிகாலை நெருக்கமாகச் சூழும் தாங்கி இந்த அதிர்வேற்புத் திறனைக் கூட்டுவதாகக் காட்டின. எனவே குதிகால் தாங்கியை, காலணிக்குள் புதிதாக ஒரு மெத்தையை வைப்பது என்பதைவிட, உடலில் ஏற்கெனவே உள்ள மெத்தையை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது பணி குதிகால் வழுக்கலைத் தடுப்பது. தாங்கி தளர்ந்த காலணியில் ஒவ்வோர் அடியிலும் குதிகால் மேலும் கீழும் உரசும். கொப்புளம் உண்டாவதும், காலுறையின் பின்புறம் முதலில் கிழிவதும், காலணியின் உள்தோல் அதே இடத்தில் தேய்ந்து ஓட்டையாவதும் இதன் விளைவுகள். மூன்றாவது, காலணியின் வடிவத்தைக் காப்பது. காலணியை மாட்டும்போது குதிகால் பின்சுவரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. ஒரு நாளில் பலமுறை நிகழும் இவ்வழுத்தத்தை மேல்தோல் தனியாகத் தாங்காது.

விறைப்பு மிகுந்தால் நன்மை மிகும் என்று கொள்ளலாகாது. பின்சுவர் மிகக் கடினமாகவும், அதன் வளைவு குதிகாலின் வளைவோடு பொருந்தாமலும் இருந்தால், குதிகால் எலும்பின் பின்மேற்புறத்தில் வலியுடன் கூடிய புடைப்பு ஏற்படலாம். சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் பாட்ரிக் ஹாக்லண்ட் 1920களின் இறுதியில் இதனை விவரித்தார். இப்புடைப்பு அவர் பெயராலேயே வழங்குகின்றது. விளையாட்டுக் காலணிகள் பலவற்றில் வாயின் பின் நடுவில் காணப்படும் பள்ளம், குதிநாண் மீது அழுத்தம் விழாதிருக்கச் செய்யப்பட்டதாகும்.

மூலப்பொருட்கள்

மரபாகப் பயன்பட்டது தாவரச் சாறுகளால் பதனிடப்பட்ட தடித்த தோல். இத்தோலை நனைத்தால் இளகும். அச்சின் மீது இழுத்து உலர்த்தினால் அதே வடிவில் இறுகும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோலுக்கு இந்த இயல்பு குறைவு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை நெடுங்காலம் வழங்கியது. இவ்வாறு பதனிடப்பட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்டிருந்தது. கையால் செய்யப்படும் உயர்விலைக் காலணிகளில் இன்றும் தோல் தாங்கியே விரும்பப்படுகின்றது. அணிய அணிய அது அணிபவரின் குதிகால் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதே காரணம். செயற்கைப் பொருட்களில் இவ்வியல்பு அரிது.

தோல் துணுக்குகளை அரைத்துப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படும் தோல் அட்டை மலிவானது. ஈரம் பட்டால் ஊறிச் சிதைவது இதன் குறை. மழைக்காலம் முடியும்போது மலிவு விலைப் பள்ளிக் காலணிகளின் பின்புறம் தளர்ந்து தொங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதனை அடுத்துத் துணியில் வேதிப் பிசின் ஊட்டிய தாங்கிகள் வந்தன. இவற்றைக் கரைப்பானில் தோய்த்து இளக்கிய பின் காலணிக்குள் வைக்க வேண்டும். தோய்ப்போர் நாள்முழுதும் கரைப்பான் ஆவியைச் சுவாசிக்க நேர்வதால் இம்முறை உடல்நலத்துக்குக் கேடானது. வெப்பத்தால் இளகும் நெகிழித் தகடுகள் பரவியதற்குச் செலவும் வேகமும் போலவே இதுவும் ஒரு காரணமாயிற்று. தற்காலத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் வெப்பத்தால் இளகும் நெகிழியே பயன்படுகின்றது. இருபுறமும் வெப்பத்தால் உருகும் பசை முன்கூட்டியே பூசப்பட்டிருப்பதால் தனியே பசை தடவத் தேவையில்லை. ஓட்டக் காலணிகளில் தாங்கி சில வேளைகளில் வெளிப்புறத்திலேயே, அச்சில் வார்த்த நெகிழிக் கிண்ணமாக அமைகின்றது.

தயாரிப்பு முறை

தைத்து முடிந்த மேல்தோலின் பின்பகுதியில், மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே தாங்கி செருகப்படுகின்றது. பின்னர் அது பின்பகுதி வார்ப்பு இயந்திரத்துக்குச் செல்லும். இவ்வியந்திரத்தில் குதிகால் வடிவிலான இரு வகை அச்சுகள் இருக்கும். ஒன்று சூடானது, மற்றொன்று குளிர்விக்கப்பட்டது. சூடான அச்சின் மீது மேல்தோலை இழுத்து மாட்டி, மெத்தை போன்ற தாடைகளால் சில நொடிகள் அழுத்தும்போது நெகிழி இளகிப் பசை உருகுகின்றது. உடனே குளிர்ந்த அச்சுக்கு மாற்றி மீண்டும் அழுத்தினால் வடிவம் உறைந்துவிடும். இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட காலத்தாழ்வு கூடினாலோ, மேல்தோலின் பின் நடுக்கோடு சிறிது கோணினாலோ, அக்குறையை அதன் பிறகு சரிசெய்வது அரிது. பின்தையல் நேராக நிற்காத காலணிகளைக் கடைகளில் காணலாம். குறை நேர்ந்தது பெரும்பாலும் இக்கட்டத்திலேதான்.

இதன் பின்னரே மேல்தோல் கால் அச்சின் மீது இழுத்துப் பொருத்தப்பட்டு அடித்தட்டு ஒட்டப்படும். கையால் செய்யப்பட்டு வந்த இந்த இழுப்பு வேலையை இயந்திரமாக்கியவர் டச்சு கயானாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். இவர் 1883 இல் காப்புரிமை பெற்றார்.

தாங்கிகளின் விறைப்பையும், அழுத்திய பின் வடிவம் மீளும் அளவையும் சோதிக்கப் பன்னாட்டுத் தர அமைப்பின் ஐ.எசு.ஓ 20864 என்ற சோதனை முறை உள்ளது. ஒட்டும் திறனுக்கு ஐ.எசு.ஓ 20863 பயன்படுகின்றது.

வரலாறு

ஐரோப்பாவின் இடைக்காலத் தோல் காலணிகளிலேயே குதிகால் தாங்கியின் முன்னோடியைக் காணலாம். இலண்டன் போன்ற நகரங்களின் அகழாய்வுகளில் கிடைத்த காலணிகளின் பின்புறத்தில், உள்ளே முக்கோண வடிவிலோ அரைவட்ட வடிவிலோ ஒரு தோல் துண்டு தைக்கப்பட்டுள்ளது. அவை மென்தோல் காலணிகள். உள்வெளியாகத் தைத்துப் பின் புரட்டப்பட்டவை. பிற்காலத்தில் உள்ளடி, வெளியடி எனக் காலணி பல அடுக்குகளாக மாறியதும், அடியில் உயர்ந்த குதி சேர்ந்ததும் தாங்கியின் தேவையைப் பெருக்கின. குதி உயர்ந்தால் உடல் எடை முன்னோக்கிச் சரியும். பின்பகுதி உறுதியாகப் பற்றாவிட்டால் கணுக்கால் பிறழும்.

தமிழ்நாட்டில்

தோல் பதனிடுதல் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் பழமையான தொழில். 1973 வரை இங்கிருந்து பெருமளவில் ஏற்றுமதியானது பச்சைத்தோலும் அரைப்பதனிட்ட தோலுமே. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி நடுவண் அரசு இவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின், முழுதும் பதனிட்ட தோல், மேல்தோல், முழுக் காலணி எனத் தொழில் படிப்படியாக மாறியது. குதிகால் தாங்கி போன்ற உட்பாகங்களைப் பற்றிய அறிவு தொழிற்கூடங்களில் பரவியது இம்மாற்றத்தின் உடன்விளைவாகும். தோலாக விற்கும்வரை அது எவ்வாறு காலணியாகின்றது என்பதை அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை. 1948 இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், 1957 முதல் கிண்டியில் இயங்கும் நடுவண் காலணிப் பயிற்சி நிலையமும் இத்துறைக்கு ஆய்வாளர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் அளித்து வருகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், வானூர் பகுதிகள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை அல்ல. வேளாண்மையே இங்கு முதன்மையானது. ஆனால் தோல் அல்லாத விளையாட்டுக் காலணிகளின் உற்பத்தி பாலாற்றுப் படுகையை விட்டுத் தெற்கே நகர்ந்தபோது இவ்வட்டாரமும் அதன் அருகில் வந்தது. திண்டிவனத்துக்கு வடமேற்கே செய்யாற்றில், தைவானைச் சேர்ந்த பெங் டே குழுமத்தின் தொழிற்சாலை 2000களின் பிற்பகுதி முதல் நைக்கி நிறுவனத்துக்காகக் காலணிகள் செய்து வருகின்றது. இங்குப் பணிபுரிவோரில் பெரும்பாலோர் சுற்று வட்டாரப் பெண்கள். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, பின்னர் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்த உளுந்தூர்ப்பேட்டையில், மற்றொரு தைவான் நிறுவனமான பௌ சென் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023 இல் தமிழ்நாடு அரசுடன் உடன்படிக்கை செய்தது. ஏறத்தாழ 20,000 பேருக்கு வேலை கிடைக்கும் என அப்போது அறிவிக்கப்பட்டது.

இந்தியப் பாதமும் குதிகால் வழுக்கலும்

இந்தியாவில் விற்கப்படும் காலணிகளின் அளவுமுறை பெரும்பாலும் ஆங்கிலேய அளவுமுறையாகும். இதில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள நீள வேறுபாடு அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். கால் அச்சின் அகலமும் குதிகால் பகுதியின் வடிவமும் ஐரோப்பியப் பாதங்களைக் கருதி வகுக்கப்பட்டவை. நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண முறையில் அளந்தது. இந்தியரின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானது என அவ்வளவீடு காட்டியது. இதன் அடிப்படையில் பா என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறை ஒன்று 2024 இல் முன்வைக்கப்பட்டது. இதில் எட்டு அளவுப் பிரிவுகள் உள்ளன.

அகலமான முன்பாதம் உடையவர், விரல்கள் நெருங்காதிருக்க ஓர் அளவு பெரிய காலணியை வாங்குகின்றார். முன்புறம் பொருந்திவிடும், ஆனால் நீளமும் குதிகால் கிண்ணமும் அவருக்குத் தேவையானதைவிடப் பெரிதாகிவிடும். மேலும், காலணி மடங்கும் இடமும் விரல்கள் மடங்கும் இடமும் ஒன்றாமல் போவதால் ஒவ்வோர் அடியிலும் குதிகால் மேலெழும். அவ்வாறு எழுந்து இறங்கும் குதிகால் தாங்கியின் மேல் விளிம்பை ஓயாது அழுத்துகின்றது. காலணி விரைவில் கெட்டுவிட்டது என்று பலரும் குறைப்பட்டுக் கொள்வதன் பின்னணியில் பெரும்பாலும் பொருளின் தரத்தைவிட இந்தப் பொருத்தமின்மையே இருக்கின்றது.

குழந்தைகளிடம் இச்சிக்கல் இன்னும் மிகுதி. வளர்கிற கால் என்று சொல்லிப் பெற்றோர் ஓர் ஆண்டுக்குப் பெரிதான காலணியை வாங்கி, முன்முனையில் பஞ்சோ காகிதமோ அடைத்துக் கொடுப்பது பரவலான வழக்கம். முன்முனையை அடைத்தால் குதிகால் பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தற்காலிகமாகப் பொருந்தும். ஆயினும் காலணியின் மடிப்பிடம் மாறுவதில்லை. தமிழ்நாடு அரசு 2012-13 கல்வியாண்டு முதல் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாக் காலணிகளை வழங்கத் தொடங்கியது. பிந்தைய ஆண்டுகளில் செருப்புக்கு மாற்றாகக் காலுறையுடன் கூடிய மூடிய காலணிகளும் சேர்ந்தன. செருப்பு ஓர் அளவு கூடினாலும் குறைந்தாலும் கால் பொறுத்துக்கொள்ளும். மூடிய காலணியில் அவ்வாறன்று. எனவே அளவெடுத்தலின் முக்கியத்துவம் இத்தகைய மாற்றத்தால் கூடுகின்றது.

பெரிதாக அமைந்த குதிகால் கிண்ணத்தைச் சரிசெய்யக் கடைகளில் குதிகால் ஒட்டிகள் கிடைக்கின்றன. மெல்லிய தோல், துணி போர்த்திய நுரை, சிலிக்கோன் ஆகியவற்றால் ஆன இத்துண்டுகளை உள்தோலின் பின்பகுதியில் ஒட்டினால் வெற்றிடம் குறையும். அணிவதற்கு முந்தைய நாளே ஒட்டி அழுத்தி வைப்பது நன்று. வியர்வை பட்டால் புதிய பசை நழுவிவிடும். உடைந்துபோன தாங்கிக்கு இவை மாற்றாக மாட்டா.

உணர்வற்ற பாதங்கள்

சாதாரணக் காலில் தாங்கியின் விளிம்பு குத்தினால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், காலணியைக் கழற்றிவிடுவர். தொழுநோயாலோ நீரிழிவாலோ நரம்புணர்வு இழந்த பாதத்தில் இந்த எச்சரிக்கை இல்லை. காலை அணிந்த காலணியை மாலையில் கழற்றும்போது காலுறையில் இரத்தத்தைக் கண்டே புண் உண்டானதை அறிவோர் உளர். அப்புண் ஆறாமல் எலும்புவரை சென்று, பாதத்தையே இழக்க நேர்வதும் உண்டு.

இத்தகைய பாதங்களுக்கான காலணி அறிவியலில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உள்ளது. 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும், தொழுநோயாளரின் கால் புண்கள் நோயினால் நேராகத் தோன்றுபவை அல்ல, உணர்வின்மையால் தடுக்கப்படாத காயங்களே அவை என்பதை நிறுவினர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 இல் நிறுவப்பட்ட சீஃபெலின் தொழுநோய் மையத்தில் இவ்வகைக் காலணிப் பணி தொடர்ந்தது. நுண்ணறை ரப்பரால் ஆன மென்மையான உள்ளடி, அதன் கீழ் உறுதியான வெளியடி, குதிகாலைப் பின்புறமாகப் பற்றும் வார் ஆகியன அங்கு வழங்கிய செருப்பின் அடிப்படைக் கூறுகள். விரல்களால் செருப்பைப் பற்றிக்கொள்ள இயலாதவருக்குப் பின்வார் இன்றியமையாதது. மூடிய காலணியில் தாங்கி செய்யும் வேலையைத் திறந்த செருப்பில் இந்த வாரே செய்கின்றது. ஆணிகள் எங்கும் பயன்படுத்தலாகாது என்பது மற்றொரு கண்டிப்பான விதி. அடி தேயத் தேய ஆணி மேலெழும். உணர்வுள்ள கால் மட்டுமே அதனை அறியும்.

நீரிழிவு நோயாளருக்கான மூடிய காலணிகளுக்கும் இதே கொள்கைகள் பொருந்துகின்றன. குதிகால் தாங்கி உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் அதன் விளிம்பின் மேல் மெத்தை போர்த்தியிருக்க வேண்டும், உட்புறத்தில் தையல் மேடு இருக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. காலணியை ஒவ்வொரு முறையும் அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்குமாறு மருத்துவர்கள் நோயாளரிடம் கூறுவது, கல்லோ முள்ளோ கிடக்கலாம் என்பதற்காக மட்டுமன்று. தாங்கி உடைந்து அதன் முனை உள்தோலைக் கிழித்திருக்கவும் கூடும்.

சிதைவும் பழுதுபார்த்தலும்

குதிகால் தாங்கி முறிவதற்கு முதன்மையான காரணம் காலணியைக் கழற்றும் முறை. வீட்டிலும் கோயிலிலும், பல ஊர்களில் சிறு கடைகளிலும் மருத்துவமனைகளிலும்கூட, வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிடுவது தமிழர் வழக்கம். ஒரு நாளில் ஐந்தாறு முறை கழற்றி மாட்ட வேண்டியவர் ஒவ்வொரு முறையும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. ஒரு காலின் நுனியால் மற்றொரு காலணியின் பின்புறத்தை மிதித்து உருவுவார். மாட்டும்போது பின்சுவரை மடித்து மிதித்தபடியே செருப்பைப் போல் நடப்பார். நாள்முழுதும் காலணியோடே இருப்பவர்களை எண்ணி வகுக்கப்பட்ட தாங்கி இதற்கு நெடுநாள் ஈடுகொடுக்காது. நெகிழித் தாங்கி மடிந்த இடத்தில் வெளிறி வெடிக்கும். தோல் அட்டை பொடியும். தோல் தாங்கி சுருங்கும். வாயில் மிதிமிதியாகக் கழற்றிப் போடும் வாழ்க்கை முறைக்குக் கயிறில்லாத, வாய் அகன்ற காலணியே பொருத்தமானது. கயிறுள்ளதை விரும்புவோர் காலணிக் கரண்டி ஒன்றை வாயிலருகே வைத்துக்கொள்ளலாம். இக்கரண்டி குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவே வழுக்கு தளமாக நின்று சுவரை அழுத்தாமல் காக்கும்.

முறிந்த தாங்கியை மாற்றுவது இயலாததன்று; ஆனால் செலவும் உழைப்பும் மிகுந்தது. பின்பகுதியில் அடித்தட்டைப் பிரித்து, மேல்தோலின் மடிப்பை விடுவித்து, பழைய துண்டை உருவியெடுத்துப் புதியதைச் செருகி மீண்டும் ஒட்டித் தைக்க வேண்டும். மலிவுக் காலணியில் இதற்கான கூலி புதிய காலணியின் விலையை நெருங்கிவிடும். பேருந்து நிலையங்களின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் காலணி பழுதுபார்ப்போர் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாள்கின்றனர். உள்தோலின் மேல் விளிம்பில் தையலைப் பிரித்து, அவ்வழியே மெல்லிய தோல் துண்டைச் செருகிப் பசையிட்டு, மீண்டும் கையால் தைத்துவிடுவர். பழைய துண்டின் முறிந்த முனையை நீக்காமல் இவ்வாறு செய்தால் குத்தல் நீங்காது.

குதி லாடம்

காலணியின் குதிகால் பகுதியை வலுப்படுத்தும் மற்றோர் உறுப்பு லாடம். இது உள்ளே இல்லாமல், அடியில் உள்ள குதியின் பின்விளிம்பில் ஆணியால் அறையப்படும் இரும்புத் தகடு ஆகும். பெரும்பாலோர் நடக்கும்போது குதியின் வெளிப்புறப் பின்மூலையே முதலில் தரையில் படுவதால் அம்மூலை விரைவில் தேய்கின்றது. தேய்மானம் ஒருபுறமாகச் சாய்ந்தால் குதிகாலும் சாய்ந்து நின்று, மேலே உள்ள தாங்கியின் ஒரு சிறகை மட்டும் தொடர்ந்து அழுத்தும். ஆகவே லாடம் அடிக்கு மட்டுமன்றித் தாங்கிக்கும் மறைமுகப் பாதுகாப்பு எனலாம். இங்கிலாந்தின் லீட்சு நகரைச் சேர்ந்த ஜான் பிளேக்கி 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த சிறு லாடங்கள் பிளேக்கி என்ற பெயராலேயே பல நாடுகளில் வழங்கின. பிரித்தானிய இந்தியப் படைகளின் பூட்சுகளில் குதிரை லாட வடிவிலான தகடு குதியில் இருந்தது. அணிவகுப்பில் எழும் ஓசைக்கு அதுவே மூலம்.

தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்ற லாடம், வழவழப்பான ஓடு பதித்த தரையில் வழுக்கும். ரப்பர், பாலியூரித்தேன் குதிகள் பரவிய பின் அன்றாடக் காலணிகளில் இரும்பு லாடத்தின் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது. மாற்றாக, குதியின் தேயும் மூலையில் மட்டும் கடின ரப்பர்த் துண்டைப் பசையால் ஒட்டுகின்றனர். துண்டு தேய்ந்து முடியுமுன் மாற்றிவிட வேண்டும். குதியின் உடலே தேயத் தொடங்கிய பின் ஒட்டினால் மட்டம் சேராது.

வாங்கும்போது அறிதல்

தாங்கியின் தரத்தைக் கடையிலேயே ஓரளவு அறியலாம். காலணியின் பின்புறத்தை இரு பக்கங்களிலும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்தினால் சுவர் எளிதில் உட்குழியக் கூடாது. குழிந்தாலும் விட்டவுடன் ஓசையின்றி மீள வேண்டும். சடக்கென்ற ஓசையுடன் மீண்டால் நெகிழி மெலிந்தது அல்லது உள்தோலுடன் சரியாக ஒட்டவில்லை என்று பொருள். பின் நடுக்கோடு தரைக்குச் செங்குத்தாக நிற்கின்றதா எனக் காலணியை மேசைமீது வைத்துப் பின்னிருந்து நோக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், வழக்கமாக அணியும் காலுறையுடன், இரு கால்களிலும் மாட்டிச் சில அடிகள் நடந்து பார்ப்பது நலம். புதிய காலணியில் குதிகால் மிகச் சிறிதளவு எழுவது இயல்பே. அடித்தட்டு இளகியதும் அது குறையும். விரல் நுழையும் அளவு எழுந்தால் குறையாது.